எரிபொருள் பக்கம்: கிளிசரின் கேள்விகள்

பயோடீசல் தயாரிப்பில் மிஞ்சும் கிளிசரினை, திண்ம அமில வினையூக்கிகளை, அதாவது கரையாமல் திடமாகவே இருந்து வினையை விரைவுபடுத்தும் அமிலப் பொருள்களைக் கொண்டு எரிபொருளில் கலக்கத்தக்க பொருளாக மாற்றுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பயோடீசல் யூனிட்டில் அடியில் தங்கும் கறுத்த கிளிசரின் பீப்பாய் பீப்பாயாகச் சேர்ந்து கிடக்கிறது. அதை அப்படியே டீசலில் கலந்துவிடக் கூடாதா? இல்லை, கொதிகலனில் போட்டு எரித்துவிடலாமா?
— ஆலை மேற்பார்வையாளர்

பதில்: சேரத்தான் செய்யும். 100 கிலோ பயோடீசலுக்கு ஏறக்குறைய 10 கிலோ கிளிசரின் வந்தே தீரும். ஆனால் டீசலில் கலக்க முடியாது, ஏனென்றால் அது கரையாது. கிளிசரின் மூலக்கூறில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அவை தண்ணீரோடு ஒட்டும், எண்ணெயோடு ஒட்டாது. அடர்த்தி வேறு 1.26. தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்து வடிகட்டியை அடைக்கும். பயோடீசலுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 14214, கட்டற்ற கிளிசராலை (கிளிசரினேதான்) 0.02 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை.

எரிப்பதும் சுலபமில்லை. சுடர் போதிய சூடாக இல்லாவிட்டால் கிளிசரின் நீரை இழந்து அக்ரோலீன் என்ற நச்சு வாயுவாகும். கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். உள்ளே இருக்கும் சோடிய உப்பு, கொதிகலன் குழாய்களில் படிந்து உருகும்.

ஆகவே அந்த ஹைட்ராக்சில் தொகுதிகளை மூட வேண்டும். அசிட்டோனை வைத்து மூடினால் சோல்கெட்டால். அசெட்டிக் அமிலத்தை வைத்து மூடினால் மோனோ, டை, ட்ரைஅசிட்டின். ஐசோபியூட்டிலீன் அல்லது டெர்ட்-பியூட்டனாலை வைத்து மூடினால் கிளிசரால் ஈதர்கள். மூன்று வினைக்கும் அமிலம்தான் வினையூக்கி.

கேள்வி: மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?
— முதுகலை வேதியியல் மாணவி

பதில்: எரிபொருளாக மட்டும் பார்த்தால் ஈதர்கள்தான் ஒரு படி மேல். டை, ட்ரை ஈதர்கள் டீசலில் நன்றாகக் கரையும், புகைத்துகளைக் குறைக்கும். ஆனால் ஐசோபியூட்டிலீனை அழுத்தக்கலத்தில் கையாள வேண்டும். அது தன்னோடு தானே சேர்ந்து டைஐசோபியூட்டீனாகவும் வீணாகும். அதற்குப் பதில் டெர்ட்-பியூட்டனால் என்றால், வினையில் பிறக்கும் தண்ணீர் மோனோ ஈதரோடு வினையை நிறுத்திவிடும். மோனோ ஈதர் டீசலில் கரையாது.

சோல்கெட்டாலுக்கு 50 டிகிரி செல்சியஸ் போதும், சாதாரண வளிமண்டல அழுத்தம் போதும். மிஞ்சும் அசிட்டோன் வடித்தால் திரும்பக் கிடைத்துவிடும். முதன்முதலில் கை வைப்பவர்கள் சோல்கெட்டாலிலேயே தொடங்குங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் ஒரு தடவை செய்து பார்க்க அளவுகளோடு செய்முறை வேண்டும்.
— பாலிடெக்னிக் விரிவுரையாளர்

பதில்: ஒரு மோல் கணக்கு எடுத்துக்கொள்வோம். கிளிசரின் 92 கிராம், 99 சதவீதத் தூய்மை. அசிட்டோன் 5 மோல், அதாவது 290 கிராம், சுமார் 367 மி.லி. ஆம்பர்லிஸ்ட்-15 ரெசின் (அமிலத் தொகுதிகள் பதிந்த பிளாஸ்டிக் மணிகள்; இதுதான் வினையூக்கி), உலர் எடையில் 4.6 கிராம், அதாவது கிளிசரின் எடையில் 5 சதவீதம்.

‘உலர் எடை’ என்று சொன்னதைக் கவனியுங்கள். இந்த ரெசின் ஈர வடிவிலும் விற்கப்படுகிறது, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். 10 கிராம் ஈர ரெசினை அப்படியே போட்டால் கூடவே 5 கிராம் தண்ணீரையும் ஊற்றியதாகிவிடும். இந்த வினை இருபக்கமும் ஓடும்; தண்ணீர் கூடினால் சோல்கெட்டால் திரும்பக் கிளிசரினாகும். ஒரு மோல் கிளிசரின் முழுக்க மாறினாலே 18 கிராம் தண்ணீர்தான் வரும். வினை தொடங்குமுன்பே அதில் கால் பங்குக்கு மேல் உள்ளே இருந்தால் சமநிலை எங்கே நிற்கும்? முதலில் அசிட்டோனால் இரண்டு முறை அலசி, அசிட்டோன் ஆவி போக நல்ல காற்றோட்டத்தில் ஆறவைத்த பிறகே அடுப்பில் 90–100 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். அசிட்டோன் ஈரத்தோடு சூடான அடுப்புக்குள் வைத்தால் தீப்பற்றும். 120 டிகிரியைத் தாண்டினால் ரெசினின் அமில மையங்களான சல்ஃபோனிக் தொகுதிகள் கழன்றுவிடும்.

மூன்று கழுத்துக் குடுவை, தண்ணீர் ஓடும் ரிஃப்ளக்ஸ் கண்டென்சர், தண்ணீர்த் தொட்டியில் சூடு. திறந்த சுடர் வேண்டாம். அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பற்றும். கிளிசரினையும் அசிட்டோனையும் ஊற்றி 50 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு ரெசினைப் போடுங்கள்.

தொடக்கத்தில் இரண்டு அடுக்கு தெரியும். கீழே கெட்டியாகக் கிளிசரின், மேலே அசிட்டோன். ரெசின் மணிகள் கீழடுக்கில் ஒட்டிக்கொண்டு சுற்றாமல் கிடக்கும். மெதுவாகக் கலக்கினால் இந்த நிலையிலேயே ஒரு மணி நேரம் வீணாகும். நன்றாகக் கலக்கினால், உருவாகும் சோல்கெட்டாலே இரண்டையும் சேர்த்து வைக்கும் கரைப்பானாக வேலை செய்யும். கலங்கல் ஒரு கட்டத்தில் சட்டென்று தெளியும். வினை சூடுபிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மேலிருந்து சுழலும் துடுப்பைப் பயன்படுத்துங்கள். காந்தக் கலக்கி மணிகளைக் குடுவையின் அடியில் வைத்து அரைத்து மாவாக்கும். பிறகு வடிதாள் அடைபடும்.

2 முதல் 4 மணி நேரம் போதும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டாதீர்கள். இது வெப்பம் உமிழும் வினை. சூடு ஏற ஏறச் சமநிலை பின்னுக்குப் போகும். அதோடு அசிட்டோன் தனக்குத்தானே இணைந்து மெசிட்டில் ஆக்சைடு ஆகும், கலவை மஞ்சளாகும்.

முழுவதும் மாறினால் 132 கிராம் சோல்கெட்டால். 80 சதவீதம் மாறினால் 106 கிராம். ஒரே தடவையில் நூறை எட்ட நினைக்க வேண்டாம். அசிட்டோனையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, புது அசிட்டோனோடு இரண்டாம் முறை ஓட்டினால் மீதியின் பெரும் பகுதி மாறும்.

கேள்வி: பயோடீசலைக் கழுவுவது போலவே சோல்கெட்டாலையும் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மேலே எதுவுமே பிரிந்து நிற்கவில்லை!
— தொழில்முனைவோர்

பதில்: நிற்காது. சோல்கெட்டால் தண்ணீரில் எந்த விகிதத்திலும் கலக்கும். அதில் இன்னும் ஒரு ஹைட்ராக்சில் மிச்சம் இருக்கிறதே! பொருள் எங்கும் போகவில்லை, நீங்கள் கழுவிய தண்ணீரில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் அமிலமும் இருந்தால், இந்நேரம் பாதி கிளிசரினாகத் திரும்பியிருக்கும்.

சரியான வழி இது: ரெசினை வடிகட்டுங்கள். வடிநீரின் பி.ஹெச். பாருங்கள். அமிலம் துளி இருந்தாலும் சோடியம் கார்பனேட் சிட்டிகை போட்டு அரை மணி நேரம் கலக்கி மீண்டும் வடிகட்டுங்கள். அதற்குப் பிறகே அசிட்டோனை 56 டிகிரியில் வடித்தெடுங்கள். வரிசையை மாற்றினால் கதை கெட்டது. அமிலம் இருக்கும்போதே அசிட்டோனை வெளியேற்றினால், சமநிலை இழந்த அசிட்டோனை ஈடுகட்டச் சோல்கெட்டால் உடைந்து கொடுக்கும். ‘வினை முடிந்தபோது 85 சதவீதம் காட்டியது, வடித்த பிறகு 50தான் இருக்கிறது’ என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுதான் பதில்.

அசிட்டோனும் தண்ணீரும் போன பிறகு வெற்றிடத்தில் வடியுங்கள். 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில் சோல்கெட்டால் 82 டிகிரியில் வரும். அதே அழுத்தத்தில் கிளிசரின் கொதிக்க 167 டிகிரி வேண்டும். இடைவெளி பெரிது, எளிய கருவியே போதும்.

கேள்வி: ஆலைக் கிளிசரினில் ஓட்டினோம். முதல் இரண்டு தொகுதி (batch) அருமை. மூன்றாவதில் ரெசின் செத்துவிட்டது. மட்டமான ரெசினாக இருக்குமோ?
— உற்பத்திப் பிரிவுப் பொறியாளர்

பதில்: ரெசினைத் திட்டாதீர்கள், உப்பைப் பாருங்கள். இந்தப் பக்கத்துக்கு வரும் ‘வினையூக்கி செத்துவிட்டது’ கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஒன்றே காரணம்.

ஆம்பர்லிஸ்ட்-15 என்பது அடிப்படையில் ஓர் அயனிப் பரிமாற்ற ரெசின். ஒரு கிராமில் 4.7 மில்லிமோல் அமில மையங்கள். சோடியம் அயனி எதிரே வந்தால் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிட்டுச் சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும். கணக்குப் போடுங்கள். 1 கிலோ கிளிசரினில் 0.5 சதவீதம் சோடியம் குளோரைடு இருந்தால் அது 5 கிராம், அதாவது 85 மில்லிமோல். நீங்கள் போட்ட 50 கிராம் ரெசினில் இருப்பதோ 235 மில்லிமோல். பரிமாற்றம் முழுதாக நடந்தால் மூன்றாவது தொகுதி முடியுமுன்பே கையிருப்பு காலி. உங்கள் அனுபவம் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது, அல்லவா?

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ரெசின் விட்ட ஹைட்ரஜன் அயனி, குளோரைடோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகக் கரைசலில் நிற்கும். அதுவும் வினையை நன்றாகவே ஓட்டும்! ஆகவே முதல் இரண்டு தொகுதியில் நீங்கள் பார்த்த ‘அருமை’யில் ஒரு பங்கு ரெசினுடையதே அல்ல. சோதிக்க எளிய வழி இருக்கிறது. வினை பாதியில் இருக்கும்போது, சூடு ஆறாமல் ரெசினை வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரை மட்டும் 50 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். மாற்றம் தொடர்ந்தால் அமிலம் கரைசலில் இருக்கிறது. இந்தச் சோதனை இல்லாமல் ‘வினையூக்கி ஐந்து முறை பயன்பட்டது’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ரெசினில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று அறிய, உலர்ந்த ரெசின் அரை கிராமை 50 மி.லி. ஒரு மோலார் உப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, வடிநீரை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தல் செய்யுங்கள். புது ரெசினுக்கு 23.5 மி.லி. இறங்கும். 10 மி.லி.யில் நிறம் மாறிவிட்டால் பாதிக்கு மேல் போய்விட்டது. (நஞ்சாக இருப்பதும் உப்பு, அளவுகோலாக இருப்பதும் உப்பு.)

மீட்கலாம். மெத்தனாலால் அலசி, 5–10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ரெசின் படுகையின் கொள்ளளவைப்போல் நான்கைந்து மடங்கு மெதுவாக ஓடவிட்டு, பிறகு அயனி நீக்கிய தண்ணீரில், வெள்ளி நைட்ரேட் சொட்டினால் கலங்காத வரை கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும், இப்போதுதான் காலி செய்த இடத்தில் போய் உட்காரும். நிரல் (ரெசினை அடைத்துத் திரவத்தை ஓட்டும் குழாய்) வைத்திருப்பவர்கள் காய்ந்த ரெசினை நிறைய அடைத்துவிட்டுத் தண்ணீர் விடாதீர்கள். மணிகள் உப்பிக் கண்ணாடியையே பிளக்கும்.

கேள்வி: அப்படியானால் ஆலைக் கிளிசரினை எப்படிச் சுத்தம் செய்வது?
— அதே பொறியாளரும் இன்னும் நான்கு பேரும்

பதில்: பயோடீசல் வினையில் மிஞ்சிய மெத்தனாலை முதலில் காய்ச்சி எடுக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். பொறுங்கள். மெத்தனால் உள்ளே இருக்கும்போது அமிலம் விட்டால்தான் கலவை நீர்த்திருக்கும், உப்பும் எளிதில் வீழ்படிவாகும்.

மிதமான சூட்டில், மூடிய கலத்தில், கலக்கியபடி கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு பி.ஹெச். 2–3க்கு இறக்குங்கள். கெட்டிக் கிளிசரினில் பி.ஹெச். தாளை நேரே முக்கினால் பொய் சொல்லும். ஒரு பங்கைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். 6லேயே நிறுத்திவிட்டால் கிளிசரினில் கலந்திருக்கும் சோப்பு முழுதாகப் பிரியாது, பால்போல் குழம்பி மணிக்கணக்கில் நிற்கும். சரியாகச் செய்தால் மூன்று அடுக்கு: மேலே கருத்த கொழுப்பு அமிலம், நடுவே கிளிசரினும் மெத்தனாலும், அடியில் உப்பு. மேலடுக்கை எடுங்கள், உப்பை வடிகட்டுங்கள், நடு அடுக்கைக் காரம் சேர்த்து 7க்குக் கொண்டுவந்து, மறுபடி வீழும் உப்பையும் வடிகட்டுங்கள். அதற்குப் பிறகு மெத்தனால், கடைசியில் வெற்றிடத்தில் தண்ணீர்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவோர் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. சோடியம் குளோரைடு கிளிசரினில் நன்றாகக் கரைந்து உள்ளேயே தங்கும், குளோரைடு துருவேறா எஃகையும் குழிக்கும். உங்கள் பயோடீசல் வினையூக்கி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் பாஸ்போரிக் அமிலம் இன்னும் நல்லது; வீழும் பொட்டாசியம் பாஸ்பேட் உரமாகும்.

இத்தனைக்குப் பிறகும் கரைந்த உப்பு கொஞ்சம் இருக்கும். வெற்றிடத்தில் கிளிசரினையே வடித்துவிடுவதுதான் முழுத் தீர்வு. 200 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். காரம் மிச்சமிருந்தால் பாலிகிளிசராலாகக் கெட்டியாகும், அமிலம் மிச்சமிருந்தால் அக்ரோலீன் வரும். மெத்தனாலை அரைகுறையாக விட்டால் இன்னொரு தொல்லை: அசிட்டோனும் மெத்தனாலும் 55.7 டிகிரியில் ஒன்றாகவே கொதிப்பதால், நீங்கள் மீட்டெடுக்கும் அசிட்டோனில் சுற்றுக்குச் சுற்று மெத்தனால் ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குக் கந்தக அமிலம் நாலு சொட்டு விட்டால் ஆகாதா?
— வாசகர்

பதில்: ஆகும். ஒரே ஒரு முறை ஆய்வகத்தில் செய்வதானால் நாங்களும் அதையே சொல்வோம். ஆனால் தொகுதிக்குத் தொகுதி அதை நடுநிலையாக்கி, உருவான உப்பை வடிகட்டி, கலத்தின் அரிப்பையும் தாங்க வேண்டும். ரெசின் என்றால் வடிதட்டு ஒன்று போதும், அல்லது நிரலில் அடைத்து இடைவிடாமல் ஓட்டலாம்.

கேள்வி: ஜியோலைட், சல்ஃபேட்டட் சிர்கோனியா போன்ற திண்ம அமிலங்களை ரெசினுக்குப் பதில் பயன்படுத்தினால் உப்புப் பிரச்சினை தீருமா?
— ஆராய்ச்சி மாணவர்

பதில்: தீராது, சில நேரம் கூடும். சிலிக்கான்-அலுமினியம் விகிதம் 25 உள்ள பீட்டா ஜியோலைட்டில் (நுண்துளைகள் கொண்ட சிலிக்கா-அலுமினாப் பொருள்) கிராமுக்கு 0.6 மில்லிமோல் அளவில்தான் அமில மையங்கள் இருக்க முடியும். ரெசினில் ஏழில் ஒரு பங்கு. அதே உப்பு இதை இன்னும் சீக்கிரம் காலி செய்யும். ‘550 டிகிரியில் சுட்டால் புதிதாகிவிடும்’ என்பது கரிப் படிவுக்குத்தான் பொருந்தும். சோடியம் சூட்டில் எரியாது. அம்மோனியம் நைட்ரேட்டால் பரிமாற்றி, கழுவி, பிறகு சுட வேண்டும்.

பீட்டாவின் உண்மையான பலம் வேறு. சிலிக்கா மிகுந்த அதன் துளைகள் தண்ணீரை விரும்பா. வினையில் பிறக்கும் தண்ணீர் அமில மையத்தைச் சுற்றி மூடிக்கொள்வது குறையும். தூய, ஆனால் சற்று ஈரமான கிளிசரினுக்கு நல்ல தேர்வு. இசட்.எஸ்.எம்.-5 என்ற இன்னொரு ஜியோலைட்டின் துளைகள் குறுகல், வினை மந்தம். சல்ஃபேட்டட் சிர்கோனியா ஈரத்தில் சல்ஃபேட்டை இழக்கும். ஹெட்டரோபாலி அமிலங்களைத் தாங்கியின் மேல் பூசினாலும், கிளிசரின் போன்ற முனைவுள்ள திரவத்தில் கரைந்து வெளியே வரும். மேலே சொன்ன சூடான வடிகட்டல் சோதனையை அவற்றுக்குக் கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி: தண்ணீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் சோதனையில் தண்ணீர் அளவு முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே போகிறது.
— தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்

பதில்: அசிட்டோன்தான் காரணம். வழக்கமான வினைப்பொருளிலுள்ள மெத்தனாலோடு அது கீட்டலாகி, புதிதாகத் தண்ணீரை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. கீட்டோன்களுக்கென்று விற்கும், மெத்தனால் இல்லாத வினைப்பொருளை வாங்குங்கள். ஒளிவிலகல் மானியைக் கொண்டு மாற்றத்தை அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளிசரின் 1.474, சோல்கெட்டால் 1.434, தண்ணீர் 1.333. தண்ணீர் மிச்சமிருந்தால் அளவு கீழிறங்கி, இல்லாத சோல்கெட்டாலை இருப்பதாகக் காட்டும்.

கேள்வி: ட்ரைஅசிட்டினைப் பயோடீசலில் எவ்வளவு கலக்கலாம்?
— சிறு உற்பத்தியாளர்

பதில்: குளிரில் பாய்வதற்கு ட்ரைஅசிட்டின் உதவும். அடர்த்திதான் கையைக் கட்டும். இ.என். 14214 கேட்பது கன மீட்டருக்கு 860–900 கிலோ. உங்கள் பயோடீசல் 880, ட்ரைஅசிட்டின் 1160 என்றால், எடையில் 10 சதவீதம் கலக்கும்போது 902 வருகிறது, வரம்பு தாண்டிவிட்டது. 5 சதவீதத்தில் 891, பரவாயில்லை. இன்ஜினில் எளிதாகப் பற்றுவதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் தாழ்வு என்பதால் 5ஐத் தாண்ட நாங்கள் சொல்ல மாட்டோம்.

தயாரிக்கும்போது 105–110 டிகிரியில், அசெட்டிக் அமிலத்தை 6 முதல் 9 மோல் வரை மிகுதியாக விட வேண்டும். டொலுவீன் போன்ற ஒன்றைச் சேர்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தால் ட்ரை அளவு கூடும். கடைசியில் அசெட்டிக் அமிலத்தைத் துடைத்தெடுப்பதில் சோம்பல் வேண்டாம். ட்ரைஅசிட்டினில் 1 சதவீதம் தங்கினாலும் அதன் அமில எண் (ஒரு கிராமை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது) 9.35. அதை 5 சதவீதம் கலந்தால் பயோடீசலின் அமில எண்ணில் 0.47 கூடும், தரம் அனுமதிக்கும் மொத்தமே 0.50தான்.

கேள்வி: சோல்கெட்டாலை எந்த எரிபொருளில் கலப்பது? சேமிப்பில் என்ன கவனிக்க வேண்டும்?
— அதே சிறு உற்பத்தியாளர்

பதில்: பெட்ரோலுக்கு நன்றாகப் பொருந்தும், பிசின் படிவதைக் குறைக்கிறது, ஆக்டேனுக்கும் உதவி. பயோடீசலில் கரையும். பயோடீசல் சேராத டீசலில் சரியாகக் கரையாது. பயோடீசலில் கலந்தால் தீப்பற்றும் வெப்பநிலை இறங்கும். இ.என். 14214 கேட்கும் குறைந்தபட்சம் 101 டிகிரி. சோல்கெட்டாலே அதற்குக் கீழே, அதில் அசிட்டோன் சொட்டு தங்கியிருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். கலந்த பிறகு அளந்து பார்க்காமல் வெளியே அனுப்பாதீர்கள்.

தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று கலக்குமுன் பாருங்கள். நின்றால், நீங்கள் ஊற்றிய சோல்கெட்டாலில் பெரும் பங்கு எரிபொருளை விட்டு அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டதாகவும் இருந்துவிட்டால், சில வாரத்தில் வடிகால் குழாயைத் திறக்கும்போது அசிட்டோன் நெடியோடு பழைய கிளிசரினே வந்து விழும்.